‘ரிஜெக்ட் வாட்டர்’: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஆழ்துளைக் கிணற்று நீரில் யுரேனியம் மிகுந்த ஊர்களில், சவ்வின் வழியே நீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. நிலையம் இயக்குவோருக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சவ்வு, எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), கதிரியக்கம் ஆகியவற்றைப் பள்ளிப் பாடநூலில் உள்ளபடியே எடுத்துக்கொண்டேன். சவ்வு தடுத்த உப்பையெல்லாம் சுமந்து வெளியேறும் நீருக்குத்தான் சொல் அமையவில்லை. ‘கழிவுநீர்’ போதுமா?

---

மறு:

போதாது. கழிவுநீர் என்றால் சாக்கடை என்றுதான் படிப்பார்கள். இதுவோ கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், ஆபத்தே அதில்தான். ஒரு கணக்கு: கிணற்று நீரில் லிட்டருக்கு 90 மைக்ரோகிராம் யுரேனியம், சவ்வு 98 விழுக்காட்டைத் தடுக்கிறது, நான்கில் மூன்று பங்கு நீர் குடிநீராகிறது என்று கொள்ளுங்கள். குடிநீரில் 1.8 இருக்கும், வெளியேறும் நீரிலோ ஏறக்குறைய 355. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 30. யுரேனியத்தில் கதிரியக்கத்தைவிடச் சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சுத்தன்மைதான் முதல் கவலை.

---

மறு:

‘கழிநீர்’ என்று சுருக்கலாமே. நெய்தல் நிலத்தின் கழி உப்பு நீர்தானே. உப்பங்கழி இன்றும் வழக்கில் உண்டு. ‘கழி’ என்ற வினைக்கு நீங்குதல், மிகுதல் என இரு பொருளும் உண்டு. கழிபேருவகை என்பதில் மிகுதிதான். நீக்கிய நீர், உப்பு மிகுந்த நீர் இரண்டுக்கும் இந்த ஒரே வேர் பொருந்துகிறது.

---

மறு:

ஐயா, வேர் அருமை. ஆனால் வாய்ச்சொல்லில் அது ‘கழுநீர்’ ஆகிவிடும். அரிசி களைந்த கழுநீரை மாட்டுக்கு வைப்பது வழக்கம். இந்த நீர் மாட்டுத் தொட்டிக்குப் போகவே கூடாது.

உப்பு செறிந்த நீர் என்ற பொருளில் ‘செறிநீர்’ என்பதே என் பரிந்துரை. குடிநீர், சுடுநீர் போல நல்ல வினைத்தொகை.

---

மறு:

நியாயவிலைக் கடையில் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ வாங்குகிறவருக்குச் செறிநீர் என்றால் சத்து சேர்த்த நீர். போதாததற்கு, செறிவூட்டிய யுரேனியம் என்பது அணு உலைத் துறையில் முற்றிலும் வேறு பொருள்! ‘ஒதுக்குநீர்’ பாருங்கள்.

---

மறு:

ஒதுக்கீடு என்றதும் காவிரிப் பங்கு நினைவுக்கு வரும். ‘விலக்குநீர்’ என்றால் விலக்க வேண்டிய நீர் என்ற எச்சரிக்கையும் சேர்ந்துவிடுகிறது. தடுக்கும் திறனை ‘விலக்கு விழுக்காடு’ எனலாம்.

சவ்வூடு பரவலைப் பிரசாரணம் என்றும் கதிரியக்கத்தைக் கதிர்த்தொழிற்பாடு என்றும் இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் நாங்கள். வவுனியாவிலும் ஆர்.ஓ. நிலையங்கள் உண்டு. சொற்பட்டியலில் இந்தச் சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

---

மறு:

அதே பட்டியலில் ‘ரிஜெக்ட்’டும் இருக்கட்டும். குழாயில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இயக்குபவர் வால்வைத் தேடும்போது தூய தமிழ் உதவாது.

இன்னொரு குழாய்க்கும் பெயர் வேண்டும். சுவைக்காகக் கிணற்று நீரைச் சிறிது குடிநீரில் கலக்கும் குழாய் அது. மேலே சொன்ன கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 19.4, ஐந்தில் இரண்டு பங்கு கலந்தால் 37, வரம்பு தாண்டிவிடும். நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அது மில்லிகிராமில் அளக்கிறது, யுரேனியமோ மைக்ரோகிராமில் இருக்கிறது. ஆனாலும் குடிநீரின் டி.டி.எஸ். திடீரென ஏறினால், சவ்வுக் குழலின் ஓ-ரிங் என்னும் அடைப்பு வளையம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, நீரை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

---

மறு:

‘கலப்புக் குழாய்’ போதும். எல்லாக் கதிரியக்கப் பொருளும் விலகிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். ரேடான் வாயு சவ்வைக் கடந்துவிடும்; அதற்குக் காற்றூட்டம் வேண்டும். டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் நீர் மூலக்கூறிலேயே இருப்பதால் சவ்வால் பிரிக்க முடியாது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை நீரில் மற்றவற்றை வடித்த பிறகும் அது நீரிலேயே தங்கியது.

---

மறு:

ஐவர் விலக்குநீர், இருவர் செறிநீர், ஒருவர் கழிநீர். விலக்குநீர் என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘ரிஜெக்ட் எனப்படும் விலக்குநீர்’. கலப்புக் குழாய்க்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன்.

---

மறு:

என் வாக்கு செறிநீருக்கே. மதுவிலக்கு, வரிவிலக்கு என இரு வேறு பொருளில் புழங்கும் சொல் ‘விலக்கு’. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.