அஸ்வெசும கிடைத்தால் மகனின் கொடுப்பனவு நிற்குமா?

நாங்கள் இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிகுடிப் பக்கம். மகனுக்கு 19 வயது, பிறந்ததிலிருந்து நடக்கமாட்டான். மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மாதம் 10,000 ரூபாய் வருகிறது. பாதி பம்பர்ஸுக்கே போய்விடும். குடும்பத்துக்கு அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவிப் பணம்) கேட்டால் மகனின் கொடுப்பனவு வெட்டுப்படும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில் 1: பயப்படாதீங்க அக்கா. அஸ்வெசும குடும்பத்தின் வறுமையைப் பார்த்துத் தருவது. 2025 முதல் மிக வறிய பிரிவுக்கு மாதம் 17,500 ரூபாய் வரை. மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மகனுக்கென்றே தருவது. எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவும் வருகிறது, அம்மாவின் பெயரில் அஸ்வெசுமவும் வருகிறது.

பதில் 2: அஸ்வெசுமவுக்குக் கணக்கெடுக்க வருபவரிடம் மகனின் நிலைமையை விடாமல் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டு, அப்புறம் மேன்முறையீட்டுக்கு அலைந்தோம்.

கேட்டவர்: சரி தம்பி. மருத்துவ அறிக்கை பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துவிட்டது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குக் கொண்டு போகிறேன்.