மறுமொழி: குவில்டிங்குக்கு ‘ஒட்டுத்தையல்’ போதாது, ‘துன்னல்’ என்று வைப்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கும் குவில்டிங் வேலைக்கும் அதன் சொற்களுக்கும் தமிழ் தேடி நாம் பேசிவருகிறோமே, அதற்கு என் மறுமொழி இது. நண்பர்கள் எழுதியதை ‘>’ குறியிட்டு எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

> குவில்டிங் – ஒட்டுத்தையல், குவில்ட் – ஒட்டுப்போர்வை. எளிமையாக இருக்கிறது. இத்தோடு முடித்துக்கொள்ளலாமே?

முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கடலூர் முதுநகரில் 12 பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். போன முறை நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இதே ‘ஒட்டுத்தையல்’ என்ற சொல்லைத்தான் போட்டிருந்தேன். குறிஞ்சிப்பாடிக் கைலியில் வெட்டிய மிச்சத் துண்டுகளை வைத்து இரண்டு பேர் மிக அழகாக ஒட்டுப் போட்டார்கள். அடியில் ஒரு பழைய வேட்டி, நடுவில் இலவம்பஞ்சு. நான்கு பக்கமும் தலையணை உறைபோல மூடித் தைத்துவிட்டு, முடிந்தது என்று கொண்டுவந்தார்கள். ஒரே அலசலில் பஞ்சு முழுதும் ஒரு மூலைக்குப் போய்க் கட்டியாகிவிட்டது. மூன்று வார உழைப்பு. அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குவில்டிங் என்பது எந்த வேலையோ, அந்த வேலை நான் கொடுத்த சொல்லுக்குள் இல்லவே இல்லை.

துண்டுகளைச் சேர்த்து மேல்துணி ஆக்குவது ஒரு வேலை. மேல்துணி, நடுவில் வைப்பது, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிப் பரப்பு முழுக்கத் தையல் ஓட்டுவது வேறொரு வேலை. இந்த இரண்டாவதுதான் குவில்டிங். ஒட்டே இல்லாமலும் அதைச் செய்யலாம். பிரான்சின் மார்செய் நகரத்து வெள்ளைப் போர்வைகளில் மேல்துணி ஒட்டில்லாத ஒரே துணிதான். பூவும் கொடியும் தையலாலேயே எழும்பி நிற்கும். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சுகூடக் கிடையாது. பழம்புடவைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓடவிட்டுத் தைத்தால் அதுவே போர்வை. ஆகவே ‘ஒட்டு’ என்ற சொல்லைத் துண்டு சேர்க்கும் வேலைக்கே விட்டுவிடுவோம். அங்கே அதைவிட நல்ல சொல் இல்லை.

அந்தத் துவைத்த போர்வையை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மெத்தைக்கடைப் பெரியவரிடம் போனேன். நீண்ட ஊசியால் மெத்தையை மேலிருந்து கீழாகக் குத்தி இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “ஐயா, நடுவுல எதுக்குக் குத்துறீங்க?” என்றேன். “குத்தலன்னா பஞ்சு ஓடிடும்மா” என்றார். உதிரிப் பஞ்சாக இருக்க இருக்கத் தையல் வரிகள் நெருங்கியிருக்க வேண்டும் என்று குவில்டிங் பாடத்தில் பத்து வரி எழுதுவதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

> ‘மெத்தைத்தையல்’ என்று வைத்தால் என்ன? ஆங்கிலச் சொல்லின் வேரும் மெத்தைதானே.

புதுச்சேரி நண்பர் எழுதிய இது சரியான செய்தி. குவில்ட் என்ற சொல், மெத்தையைக் குறிக்கும் ‘குல்கிட்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஆனால் அவருக்கு நன்கு தெரிந்த பிரெஞ்சிலேயே இன்னொரு பாதியும் இருக்கிறது. இந்தப் போர்வையைப் பிரெஞ்சில் ‘கூர்த்புவேந்த்’ என்பார்கள். அதன் மூலம் ‘குல்கிட்டா புங்க்தா’, அதாவது குத்தித் தைத்த மெத்தை. பெயரிலேயே குத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் மெத்தை மட்டும் நின்று குத்து உதிர்ந்துபோனது. நாம் எடுக்க வேண்டியது உதிர்ந்த அந்தப் பாதியைத்தான்.

என் முன்மொழிவு: துன்னல்.

துன்னுதல் என்ற வினைக்கு நெருங்குதல், பொருந்துதல் என்றும் பொருள். தைத்தல் என்றும் பொருள். அடுக்குகளை ஒன்றோடொன்று நெருங்கவைக்கும் தையலுக்கு இதைவிட என்ன வேண்டும்! பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருந்த கிழிசலை ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்கிறார் முடத்தாமக்கண்ணியார். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் தையற்காரர்களுக்குத் ‘துன்னகாரர்’ என்று பெயர். பழைய சொல், யாருக்குப் புரியும் என்று கேட்பீர்கள். ‘பின்னல்’ எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்தில் ‘துன்னல்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்காது. துன்னு, துன்னினாள், துன்னிய போர்வை, துன்னூசி என்று வினையாகவும் பெயராகவும் நீளும். ‘மெத்தைத்தையல்’ இப்படி நீளாது.

‘கந்தை’யை எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஆனால் வறுமையைச் சுட்டியே பழகிவிட்ட சொல் அது. தான் இரவெல்லாம் தைத்த ஒன்றைக் கந்தை என்று சொல்லி விற்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று அடுக்குக்கும் மேல்விரிப்பு, நடுவிரிப்பு, அடிவிரிப்பு. நடுவில் இருப்பதைப் ‘பஞ்சு’ என்று கட்டிப்போட வேண்டாம். நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பாலியெஸ்டர் அடுக்கைவிடத் தேய்ந்த பருத்திப் புடவையே சுகம். ஓரத்தை மூடுவதற்குப் பட்டி என்றே எல்லாத் தையற்காரர்களும் சொல்கிறார்கள், அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அடுக்குகள் நகராதிருக்க முதலில் போட்டுப் பிறகு பிரித்தெடுக்கும் தையலுக்குப் பாடநூலில் ‘தற்காலிகத் தையல்’ என்று இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அதை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும் என்பதைக் குறிப்பில் சேருங்கள், இல்லாவிட்டால் சுருக்கம் நடுவில் சிக்கிக்கொள்ளும். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்கள் ‘கவந்தி’ என்ற ஒட்டுப்போர்வையைத் தைக்கும்போது ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருவார்கள்; அது அவர்கள் கை கண்ட முறை.

> தையல் கொடுப்பனவு

தையலுக்கு வெளியே துணி ஓரத்தில் விடும் இடத்துக்கு வைத்த இந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். கொடுப்பனவு பணத்துக்கு. கடையில் “தையலுக்கு அரை இஞ்ச் விடு” என்கிறார்கள், அதையே ‘தையல்விடல்’ என்று எடுப்போம். ஒட்டு வேலையில் அது கால் இஞ்ச். 2½ இஞ்ச் சதுரம் ஒன்பதை மூன்று வரிசையாகச் சேர்த்தால் 6½ இஞ்ச் கட்டம் வர வேண்டும். ஒவ்வொரு தையலிலும் இரு துண்டிலும் 1/16 இஞ்ச் கூடுதலாகப் பிடித்துவிட்டால் கட்டம் கால் இஞ்ச் குறையும், எட்டுக் கட்டம் சேரும்போது போர்வையில் 2 இஞ்ச் காணாமல் போகும். தச்சர்களும் கொத்தனார்களும் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்; அப்படிப் பார்த்தால் கால் இஞ்ச் இரண்டு நூல். ‘இருநூல் விடல்’ என்று எழுதிவைத்து இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். வகுப்பில் சொன்னதும் ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்துவிட்டார்கள். அழித்துவிட்டேன்.

இன்னும் சிக்கல் தீராதது, ஒரு துணியின் மேல் இன்னொரு துணியைப் பூவாக வெட்டி வைத்துத் தைக்கும் வேலை. அதுவும் நம் பேச்சில் ‘ஒட்டு’தான். ‘மேலொட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

அடுத்த வகுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை. கரும்பலகையில் ‘துன்னல்’ என்று எழுதப்போகிறேன். மறுப்பிருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். உங்கள் அம்மாவோ ஆயாவோ பழம்புடவைகளை அடுக்கிக் குழந்தைக்கு விரிப்புத் தைத்தபோது அந்த வேலைக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தால், அதையும் எழுதுங்கள். அப்படி ஒரு சொல் கிடைத்தால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.