பள்ளி இசை நாடகத்தில் ஏழையாகவோ பணக்காரனாகவோ நடித்தவர்கள் உண்டா? (மும்பை அனுபவங்கள்)

கோலிவாடா குரல்

எங்கள் பள்ளி ஆண்டு விழா ஷண்முகானந்தா அரங்கில் நடந்தது. 1990 தீ விபத்துக்குப் பிறகு புதுப்பித்து 1998இல் திறந்தார்களே, அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள். பாட்டும் கூத்துமாக ஒரு நாடகம்: மேடைக்கு இடப்பக்கம் மலபார் ஹில் பங்களா, வலப்பக்கம் பரேல் சால். 1982இல் மும்பைத் துணி மில்களில் நடந்த வேலைநிறுத்தம்தான் கதை. சால் என்றால் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக மில் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசைக் கட்டடம்; மும்பைக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் வலப்பக்கக் கோரஸில் கடைசி வரிசை. முதலாளியாக நடிக்க வேண்டிய பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. உயரமும் தொண்டையும் எனக்கு இருந்ததால் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். வேலைக்காரியாக நடித்தவள் என் வகுப்புத் தோழி. அவள் வீட்டில்தான் என் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் இது தெரியும், வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் கிடையாது. அந்தப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்ததே அவள் அம்மா, அதாவது மாமி, பள்ளி அலுவலகத்தில் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இதையும் சொல்லிவிடுகிறேன்.

தேநீர்க் கோப்பையை வேலைக்காரியிடம் திருப்பி நீட்டி, "கறை இருக்கிறது, தெரியவில்லையா?" என்று முதலாளி இந்தியில் கேட்க வேண்டும். எனக்கு வரவே இல்லை. கத்திச் சொன்னால், "இது மீன் மார்க்கெட் இல்லை" என்பார் டீச்சர். மெதுவாகச் சொன்னால், "கெஞ்சாதே" என்பார். பணக்காரர் கோபம் எப்படியிருக்கும் என்று யோசிக்கச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது? இரவு அம்மா வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் தினமும் கச்சேரிதான். எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். மாமி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. குரலைத் தாழ்த்தி, கடைசி எழுத்தை மட்டும் இழுத்து, முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

விழா அன்று அம்மா மேல் பால்கனியில், மாமி கீழே முன்வரிசைப் பக்கம். கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மொழி இந்தி, இழுவை மாமியுடையது, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவினுடையது. அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. எதிரே நின்ற தோழியின் கை கோப்பையை வாங்க நீளவில்லை. அடுத்த வசனம் அவளுடையது, அதையும் சொல்லவில்லை. ஹார்மோனியக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்.

முடிந்ததும் மாமி மேடைக்குப் பின்னால் வந்தார். "ரொம்ப இயல்பாகச் செய்தாய். அந்தக் கோப்பை வசனத்தை யார் சொல்லிக்கொடுத்தது?"

"டீச்சர்தான் மாமி."

"அதுதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா? இத்தனை ஆண்டுகளாக இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபதடி ரோடு

உங்களுக்காவது கோட்டு கிடைத்தது. நான் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்தவன். ஏழாம் வகுப்பில் எங்கள் இசை நாடகத்திலும் ஒரு குடிசைக் காட்சி இருந்தது. கிழிந்த உடையில் வர வேண்டும் என்று எல்லா வீட்டுக்கும் சீட்டு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் புதுச் சட்டை வாங்கிக் கத்தரியால் வெட்டி, டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கொடுத்தார்கள். ஒதுக்கீட்டில் வந்த எங்களை மட்டும் தனியே அழைத்து, "நீங்கள் வீட்டில் போடுவதையே போட்டு வரலாம், செலவு வேண்டாம்" என்றார் டீச்சர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், சந்தேகமில்லை.

வீட்டில் போய் அப்படியே சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தீபாவளிச் சட்டையை எடுத்துக் கடையில் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பினாள். குடிசைப் பாட்டு ஆரம்பித்தது. சுற்றிலும் கந்தல், நடுவில் பளபளவென்று நான். இடைவேளையில் டீச்சருக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உன்னைப் பார்த்தால் ஏழை மாதிரியே இல்லை!" என்று எல்லார் எதிரிலும் திட்டினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன், அவன் அப்பா வைர வியாபாரி, தன் கந்தல் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

அந்தச் சட்டத்தின் இலவசம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக் கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா என்னை வேறு பள்ளியில் சேர்த்தார். எனவே எட்டாம் வகுப்பு நாடகத்தோடு என் கலைச் சேவை நிறைவுற்றது. அதில் எனக்கு மரம் வேடம்.

செம்பூர் மாமி

கோலிவாடா தம்பிக்கு ஒரு வார்த்தை. உனக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தவரை நூற்றுக்கணக்கான பேர் எதிரில் பேசிக் காட்டிவிட்டு, அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இப்போது புதிர் போடுகிறாய். நன்றாகவே புரிந்திருக்கும். உன்னை வெட்கப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். கறையோடு கோப்பை வந்தால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் கேட்பார்கள். என் மாமியார் என்னைக் கேட்டதைவிடவா?

அறுபதடி ரோடு சொல்வதும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தாது. நம்மவர்கள் நடத்தும் பள்ளிகள் பலவும் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள். அவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

என் மகள் எட்டாம் வகுப்பில் குழாயடிக் காட்சியில் நடித்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு கூடத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டு வேலை செய்யும் அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "தண்ணீர்க் குடத்தை எந்த ஊரில் பாப்பா இப்படித் தூக்குவார்கள்?" என்று கேட்டு, குளியலறையில் நிரப்பிக்கொண்டு வந்து இடுப்பில் வைத்தாள். மகள் இரண்டு அடி நடப்பதற்குள் கூடமெல்லாம் தண்ணீர். அதைத் துடைத்தவளும் அவள்தான். மூன்று பேரும் சிரித்தோம். இப்படியும் வீடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வர்க்கப் போராட்டம் ஆக்க வேண்டாம்.

கோலிவாடா குரல்

மாமி, தண்ணீரை யார் துடைத்தார்கள் என்று நீங்களாகவே சொல்லிவிட்டீர்கள், எனக்கு வேலை மிச்சம்.

நன்றி எனக்கு உண்டு. அவர் வீட்டுத் திருமணத்துக்கு இரண்டு நாள் போய் வேலை செய்தேன், யாரும் கூப்பிடாமலேயே. ஆனால் நன்றி உள்ளவனுக்குக் காது கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அம்மா என்ன சொன்னாள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சயான் வரை பேசாமல் நடந்து வந்தாள். அப்புறம், "இழுவை சரி. ஆனால் மாமி சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்குவார். அதை விட்டுவிட்டாய்" என்றாள். அடுத்த நாள் வழக்கம்போல அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

பூக்கார ஆத்தா பேத்தி

பெர்னார்ட் ஷாவின் பூக்காரி நாடகம் 'பிக்மேலியன்', கொச்சையாகப் பேசும் பூக்காரிக்குச் சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொடுக்கும் கதை, பிறகு 1956இல் பிராட்வேயில் 'மை ஃபேர் லேடி' என்று இசை நாடகமானதே, அதைத்தான் எங்கள் பள்ளியில் சுருக்கிப் போட்டார்கள். பூக்காரி நான். என் ஆத்தா மாட்டுங்காவில் பூக்கட்டி விற்றவள் என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாமல்தான் எனக்கு அந்த வேடம் வந்தது. ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன், அதனால். கொச்சையாகப் பேசுவதற்குத்தான் எனக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள்!

லண்டன் பூக்காரி கூடையை எப்படிப் பிடிப்பாள் என்று ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். மேடையில் முதல் காட்சி. காகிதப் பூச்சரம் ஒன்று கூடையில் கிடந்தது. விளக்கு கண்ணில் அடித்ததும் வசனம் மறந்துவிட்டது. கை மட்டும் தானாகச் சரத்தை எடுத்தது, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்தது, ஒன்று, இரண்டு என்று. பார்வையாளர்களில் பாதிப் பேர் தமிழர்கள். பின்னாலிருந்து யாரோ, "முழம் எவ்வளவு?" என்று கத்தினார். வாயில் வந்த விலையைச் சொல்லிவிட்டேன், தமிழில். ஆத்தாவின் குரல் அப்படியே வந்தது.

கைதட்டல் ஓய வெகு நேரமானது. ஆங்கில டீச்சர் மட்டும், பாத்திரத்தைவிட்டு வெளியே போய்விட்டேன் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். எனக்கு நெருடுவது கைதட்டல்தான். நான் இங்கிலாந்துக்காரியாகப் பேசிய இடங்களில் யாரும் தட்டவில்லை.

ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர், தாதர்

என் அனுபவம் சிறியது. கோரஸில் நன்றாகப் பாடுகிற ஒரு பையன் காலை ஒத்திகைக்குத் தொடர்ந்து வரவில்லை. பெயரை அடித்துவிட்டேன். அவன் அக்கா வந்து, அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் என் ஒத்திகை நேரமும் ஒன்று என்றாள். கையில் இரண்டு குடம், பிடித்துக்கொண்டு போகிற வழியில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். நாடகத்தின் பெயர் சமத்துவம் பற்றியது. நல்ல வேளை, அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் இப்போது பள்ளிகளில் இப்படி நாடகம் போடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உடை எல்லாம் பள்ளிப் பெட்டியிலிருந்து வரட்டும், கந்தலானாலும் கோட்டானாலும். வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வேண்டாம். அறுபதடி ரோடு தம்பிக்கு நடந்தது அப்போது நடக்காது. வேடத்தைச் சீட்டுப் போட்டுக் குலுக்கிக் கொடுங்கள். குரல் சரியில்லாதவனுக்கு முதலாளி வேடம் விழுந்தால் பாட்டைக் கோரஸிடம் கொடுத்துவிடலாம், குடி முழுகிவிடாது.

மாலை ஒத்திகையை ஏழு மணிக்குமேல் இழுக்காதீர்கள். தென் மும்பைப் பக்கம் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. சயானோடும் மாகிமோடும் அது நின்றுவிடும். தாதரிலோ மாட்டுங்காவிலோ ஒத்திகை முடிந்த பிள்ளை தாராவிக்குப் போக வேண்டுமென்றால் டாக்சி, அல்லது மாநகரப் பேருந்தான பெஸ்ட் பஸ், இல்லாவிட்டால் நடைதான். காரில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, அவர்களை அழைத்துப் போக வருகிற டிரைவருக்குத் தெரியும்.

அப்புறம் கதை. கோலிவாடா நண்பர் சொல்லாமல் விட்டதை நான் ஊகிக்கிறேன்: கடைசியில் முதலாளியும் தொழிலாளியும் கைகோத்துப் பாடியிருப்பார்கள். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். யாரும் கைகோக்கவில்லை. மில்கள் மூடின. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் என்ன? அழுதுவிட மாட்டார்கள். ஏழைகளைப் பற்றிப் பாடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. மக்கள் நாடக மன்றமான இப்டா 1943இல் இங்கேதான் தொடங்கியது. காட்கோபர் சிராக் நகரில் குடியிருந்த மராத்தி மக்கள் கவிஞர் அண்ணாபாவ் சாட்டேயும், அவரோடு அமர் ஷேக்கும் மில் தொழிலாளர்கள் நடுவில் நின்று பாடினார்கள். அவர்கள் மற்றவர்களின் வறுமைக்கு வேடம் கட்டவில்லை. நம் பள்ளி நாடகங்களில் இடிப்பது இந்த இடம்தான். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. பெட்டியும் குலுக்கலும்தான் இருக்கின்றன.

இன்னொன்று, மைக். கழுத்து மைக்கைப் பங்களாக்காரர்களுக்கு மட்டும் மாட்டிவிட்டுக் கோரஸைத் தொண்டை கிழியப் பாடவிடுகிறார்கள். தொங்கும் மைக் இரண்டு வாடகைக்கு எடுத்தால் தீர்ந்தது.

அறுபதடி ரோடு

ஐயா, குலுக்கல் கேட்க நன்றாயிருக்கிறது. எனக்கு முதலாளி வேடம் விழுந்திருந்தால் அன்றும் அம்மா அதே தீபாவளிச் சட்டையைத்தான் கொடுத்திருப்பாள், உங்கள் பெட்டி என்ன சொன்னாலும் சரி.

செம்பூர் மாமி

கழுத்து மைக் விஷயம் உண்மை. என் மகள் பாடியது எனக்கே கேட்கவில்லை.

பூக்கார ஆத்தா பேத்தி

வாத்தியார் ஐயாவுக்கு: தண்ணீர் எல்லா இடத்திலும் காலையில் வருவதில்லை. எங்கள் சந்தில் சாயங்காலம்தான் வரும், பக்கத்துச் சந்தில் விடியற்காலை. ஒத்திகை நேரம் குறிக்கும் முன் பிள்ளைகளிடம் சந்து வாரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.