கொடி அசையாத வெற்றி

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அப்பாவும் நானும் ‘கிரீஸ்டு லைட்னிங்’ பார்த்தோம். 1977இல் வந்த படம். அமெரிக்க ஸ்டாக் கார் (சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்தது) பந்தய வீரர் வெண்டெல் ஸ்காட்டின் வாழ்க்கைக் கதை. ரிச்சர்ட் பிரையர் நடித்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் லாரிப் பட்டறை நடத்தியவர். பானெட் திறக்கும் காட்சிகளில் எல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊர்க்காரர். முதலில் டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி கார் பட்டறை நடத்தினார். இரவில் கள்ளச்சாராயம் கடத்திப் போலீசுக்குத் தண்ணி காட்டினார். வேகம் அப்படிப் பழகியதுதான். கறுப்பினத்தவர் என்பதால் பெரிய நிறுவனங்களின் பண உதவி எதுவும் அவர் பக்கம் வரவில்லை. பழைய உதிரிபாகங்களை வாங்கித் தன் காரைத் தானே பூட்டினார். பிள்ளைகள்தான் அவருக்கு மெக்கானிக்குகள். “இவர் நம் தொழில்காரர்” என்றார் அப்பா, என்னவோ சொந்தக்காரரைக் கண்டதுபோல.

படம் ஆரவாரமான வெற்றியோடு முடிந்தது. அப்பா கைதட்டினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையில் நடந்ததைத் தேடிப் படித்தேன்.

1963 டிசம்பர் 1, புளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்தார். ஆனாலும் வெற்றியை அறிவிக்கும் கட்டம்போட்ட கொடி அவருக்கு அசையவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார வீரர் வென்றதாக அறிவித்து, கோப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டது சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு. வெள்ளைக்காரப் பெண் கையால் ஒரு கறுப்பர் கோப்பை வாங்குவதைத் தடுக்கத்தான் இத்தனையும் என்று ஸ்காட் கடைசிவரை நம்பினார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். இரண்டு சுற்று என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமா?

முதல்நிலைத் தொடரில் அவர் ஓடிய 495 பந்தயங்களில் கிடைத்த ஒரே வெற்றி அது. 1990இல் இறந்துபோனார். முறையான கோப்பை 2021இல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது.

காலையில் இதை அப்பாவிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டார். விரல் மடிப்புகளில் இன்னும் போகாத கிரீஸ் கறையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்தக் கடைசிப் பந்தயத்தை மட்டும் இன்னொரு தடவை போடு” என்றார்.