ஐசியூவில் ஹை ஃப்ளோ ஆக்சிஜன்: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வர்த், டர்பன்:
அப்பாவுக்கு நிமோனியா முற்றி, முகமூடி வைத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தைத் தொடவில்லை. "தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பதற்கு முன் ஹை ஃப்ளோ வைத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். இதே நிலையில் தவிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மூக்கில் வைக்கும் சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 5, 6 லிட்டர்தான் விடுவார்கள். அதற்கு மேல் போனால் மூக்கு வறண்டு எரியும். ஹை ஃப்ளோவும் மூக்கில் வைக்கும் குழாய்தான், ஆனால் இதில் 60 லிட்டர் வரை போகிறது. காற்றை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரமாக்கி அனுப்புவதால்தான் தாங்க முடிகிறது. ஆனாலும் முதலில் அப்பா பிடுங்கிப் போடப் பார்த்தார். அவர் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர், சுலு மொழி நன்றாக வரும். நர்ஸ் சுலுவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அப்புறம் அடங்கிவிட்டார். வாய் மூடியிராததால் எங்களோடு பேசினார். டாக்டர் சரி என்றதும் இரண்டு வாய் கஞ்சியும் குடித்தார்.

மானிட்டரில் 95 வந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. நர்ஸ் மட்டும் அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. அது நின்று, மூச்சு நிமிடத்துக்கு 25-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் நர்ஸின் முகம் தெளிந்தது. தொண்டையில் குழாய் போடாமலே அப்பா தேறி வீடு திரும்பினார்.

கேப்டவுன்:
நான் ஐசியூ நர்ஸ், அக்கா. அந்த நர்ஸ் மூச்சைக் கவனித்ததுதான் சரி. மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, எத்தனை சதவீத ஆக்சிஜன் கொடுக்கிறோம் என்ற மூன்றையும் சேர்த்து ராக்ஸ் என்று ஒரு கணக்குப் போடுவோம். 4.88-க்குக் குறையாமல் இருந்தால் தொண்டைக் குழாய் தேவைப்படாத வாய்ப்பு அதிகம்.

2020-இல் கொரோனா நேரத்தில் இங்கே க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க் மருத்துவமனைகளில் ஐசியூ படுக்கை போதாமல் வார்டிலேயே ஹை ஃப்ளோ வைத்தார்கள். அதைப் பற்றி நடந்த ஆய்வில் சேர்ந்த 293 பேரில் 137 பேர் அதிலேயே தேறினார்கள். மற்றவர்களையும் நினைக்க வேண்டும். இது எல்லோரையும் காப்பாற்றிவிடாது. குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "இன்னும் ஒரு நாள் பாருங்களேன்" என்று கெஞ்சாதீர்கள். நோயாளி களைத்துத் துவண்ட பிறகு போட்டால் பிழைப்பது கடினமாகிறது. இதைப் பல குடும்பங்களிடம் மன்றாடிச் சொல்லியிருக்கிறேன்.

ஃபீனிக்ஸ், டர்பன்:
மாமாவுக்கும் இப்போது இதுதான் வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கலாமா? அத்தை கேட்கச் சொன்னார்.

கேப்டவுன்:
இந்த நிலையில் வேண்டவே வேண்டாம், தம்பி. பெரிய சிலிண்டரிலேயே 7,000 லிட்டருக்குள்தான் இருக்கும். 60 லிட்டர் வேகத்தில் முழு ஆக்சிஜன் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. அதைவிட, திடீரென்று மூச்சு திணறினால் அந்த நிமிடமே குழாய் போட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.