"இன்னைக்கு யாருக்கு பர்த்டே?"

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த ஜூன் மாத ஞாயிறும் என் கணக்கில் எட்டு மணி நேரம் என்றுதான் கிளம்பினேன். திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு குழந்தைகள் இல்லம். நாங்கள் 28 பேர். பஸ் வாசலில் நின்றதும் ஓடி வந்த ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இன்னைக்கு யாருக்கு பர்த்டே?"

யாருக்கும் இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உள்ளே போனதும் காரணம் புரிந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு கரும்பலகை. 'இன்றைய மதிய உணவு வழங்குபவர்' என்று பெயிண்டில் எழுதி, கீழே சாக்பீசில் ஒரு பெயர், பக்கத்தில் 'பிறந்தநாள்'. வெளியாள் வந்தால் கேக், பிரியாணி, ஒரு பாட்டு, போட்டோ, டாட்டா. அவளுக்குத் தெரிந்த வருகை அதுதான்.

போட்டோ விஷயத்தில் எங்கள் திட்ட அலுவலர் ரொம்பக் கறார். எல்லோர் போனையும் பஸ்ஸிலேயே ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துவிட்டார். பசங்க முணுமுணுத்தார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, இந்தக் குழந்தைகளின் பெயர், படம், படிக்கும் பள்ளி என அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அவர் அன்றைக்குச் சட்டத்தைச் சொல்லவில்லை. "உங்க சின்ன வயசுல உங்க வீட்டுக் கஷ்டத்தை ஊரே பாக்கற மாதிரி ஒருத்தன் படம் போட்டிருந்தா எப்படிப்பா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பஸ் அமைதியாகிவிட்டது. இங்கே நான் எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதப் போவதில்லை.

எங்களுக்குக் கொடுத்த வேலை நோட்டுக்கு அட்டை போடுவது. பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாடப்புத்தகமும் நோட்டும் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஐம்பது பிள்ளைகளுக்கு அட்டை போட அங்கே யாருக்கு நேரம்? வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பிரவுன் ஷீட்டை மடித்து, முதுகுப் பக்கம் மேலேயும் கீழேயும் கத்தரித்து உள்ளே செருகுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே என் எதிரில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன்தான். கை அவ்வளவு சுத்தம்.

அப்புறம் லேபிள். பெயரை எழுதிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, "இனிஷியல் என்னப்பா? அப்பா பேரு என்ன?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். அவன் பதில் சொல்லவில்லை. கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா பேரு போட்டுக்கலாமாக்கா?" என்றான்.

கண்காணிப்பாளர் அம்மாவைப் பார்த்தேன். "ஸ்கூல் ரிஜிஸ்டர்ல வேற இருக்கு. நோட்டுல அவன் இஷ்டம்மா, போட்டுக்கட்டும்" என்றார். பேனாவை அவனிடமே கொடுத்தேன். ஆறு நோட்டிலும் அந்த ஒற்றை எழுத்தை, புள்ளி வைத்து, நிதானமாக எழுதினான். மீதி இருந்த லேபிளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலும் எழுதி, உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் லேபிளைக் கிழித்துவிட்டு, "எனக்கும் அப்படியே" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது எங்களில் ஒருவன் 'அனாதை இல்லம்' என்று சொல்லிவிட்டான். கண்காணிப்பாளர் திட்டவில்லை, ஆனால் உடனே திருத்தினார். "அப்படிச் சொல்லாதப்பா. இங்க நிறைய பேருக்கு அம்மா இருக்காங்க. சோறு போட முடியாம, வேலைக்குப் போற இடத்துல வச்சுக்க முடியாம விட்டிருக்காங்க. மாசத்துல ஒரு நாள் வந்து பாப்பாங்க, அன்னைக்குப் பாருங்க இந்த வாசலை." அந்தப் பையனின் அம்மாவும் அப்படித்தான். ஒரு மில்லில் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் தோழி இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பேன் பார்த்திருக்கிறாள். "தலையில பேனே இல்லடி. ஆனா என் மடியை விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. ஒரு மணி நேரம் சும்மா சீவிக்கிட்டே இருந்தேன்" என்றாள். கேரம் விளையாடிய சீனியரிடம் பிளஸ் டூ பையன் ஒருத்தன், "பதினெட்டு முடிஞ்சா எங்கண்ணா போறது?" என்று கேட்டிருக்கிறான். காயைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். 21 வயது வரை நிதியாகவோ வேறு வகையிலோ உதவ அதே சட்டத்தில் வழி இருக்கிறது என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அடுத்த மாதம் அவர் தனியாகப் போய் அந்தப் பையனிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

நாங்கள் தெரிந்துகொண்ட இன்னொன்றும் உங்களுக்கு உதவலாம். தந்தை இல்லாத, ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தாயிடமே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, ஆனால் இது தெரியாமலே பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு நாள் சேவையைவிட இது பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

அந்த 28 பேரில் இப்போது நாலு பேர் மாதத்தின் முதல் ஞாயிறு போகிறோம். கணக்கு சொல்லிக்கொடுக்கிறோம், பின்னத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். போக முடியாத மாதம் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுவோம். வாசலில் காத்திருக்க வைக்கக் கூடாது.

நீங்கள் போவதாக இருந்தால், என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். கேக்கும் பிரியாணியும் அவர்களுக்கு நிறையவே வருகிறது. போன மாதம் நாங்கள் கேட்டதற்குச் சொன்னது: நகவெட்டி நாலு, பேன் சீப்பு, தேங்காய் எண்ணெய், பெரிய பெண்களுக்கு நாப்கின், அப்புறம் லேபிள் இரண்டு பாக்கெட்.