கூகுள் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, சேர்க்க மாட்டேன் என்கிறது
நண்பர்களே, சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்க அக்காவுக்கு ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தேன். மூன்று மாதமாகியும் சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) பாதிப் பக்கங்களுக்கு ‘கிரால் செய்யப்பட்டது, இன்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்றே வருகிறது. கூகுளின் ரோபோ (தானியங்கி நிரல்) பக்கத்தைப் படிப்பது கிராலிங், படித்ததைத் தன் பட்டியலில் சேர்ப்பது இன்டெக்ஸிங், அதுவரை புரிகிறது. சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) கொடுத்தாயிற்று. ரோபோ எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் எதையும் தடுக்கவில்லை, ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியும் போடவில்லை.

எல்லாச் சேலைக்கும் நிறத்தை மட்டும் மாற்றி ஒரே விவரத்தை ஒட்டியிருக்கிறேன் (சோம்பல்தான்). அதுதான் காரணமா? கேனானிக்கல் குறி போட்டு, ஒரே மாதிரிப் பக்கங்களில் ஒரு பக்கத்தை முதன்மையாகக் காட்டினால் போதுமா, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டுமா?

அப்புறம், மெட்டா கீவேர்டு (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்பித் தர ஒருவர் பணம் கேட்கிறார். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டதே! அவரிடம் என்ன சொல்ல?